கோலின் அகலம், கப்பலின் அகலம்

ஒற்றைக் காலில் நிற்கும், கொக்கு இல்லை. இறக்கை உண்டு, பறந்ததில்லை. அடிபட்டால் அதற்கு வலிக்காது. ஆனால் அடிபட்டதா இல்லையா என்று இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அது என்ன? சொல்லுங்கள் பார்க்கலாம். இன்று காலை பஸ்ஸில் வரும்போது அமுதினி என்னிடம் கேட்டது இது. அவளே கட்டிய விடுகதை. பத்து வயதுக்கு நன்றாகவே கட்டியிருந்தாள். எனக்கு விடை உடனே தெரிந்துவிட்டது. தெரியாதவன் போல் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, தாடையைத் தடவி, "நாற்காலியா?" என்று கேட்டேன். "நடிக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு விளிப்பு கிடையாது. அவள் என்னைக் கூப்பிடுவது மேஜைக்கு வந்த பிறகுதான். இந்த மேஜைக்கு. கறுப்புப் போர்வையை விரித்து, வெள்ளைப் பெயின்டில் நட்சத்திரங்கள் தெளித்து, தெர்மகோலில் செதுக்கிய பாறைகளை அங்கங்கே வைத்திருக்கும் இந்த மேஜையின் ஒரு பக்கம் அவள் நின்று, மறுபக்கம் நான் நின்றால் அப்போது "கேப்டன்" என்பாள். விதி அப்படி. எதிராளியைக் கேப்டன் என்று அழைக்க வேண்டும். விடை விண்கப்பல். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தட்டில் ஒரு குச்சி, குச்சியின் மேல் கப்பல். அதில் ஒன்றுதான் இப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிறது, அடிபட்டதா இல்லையா என்று தெரியாமல். பக்கத்தில் மணல் கடிகாரத்தை இருதயராஜ் கவிழ்த்து வைத்திருக்கிறார். பச்சை மணல். குழந்தைகள் பல் தேய்க்கும் நேரத்தை அளக்க விற்பார்களே, அது. மணல் விழுகிறது. இது விழுந்து முடிவதற்குள் நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம், யாருக்கும் தெரியாது, அதுதான் தொந்தரவு.

நடந்தது சின்ன விஷயம். கப்பலை நகர்த்த வேண்டுமானால் முதலில் வளைகோலை வைக்க வேண்டும். விரல் அகலத்தில் வளைந்த அட்டைத் துண்டு. அதன் ஒரு முனை கப்பலின் தட்டை ஒட்டி இருக்கும். கப்பலைத் தூக்கி மறுமுனையில் வைத்தால் அது அந்த வளைவில் பறந்து வந்ததாகக் கணக்கு. அமுதினி தன் கப்பலை, தட்டாம்பூச்சி என்று அதற்குப் பெயர், அப்படித்தான் பாறையைச் சுற்றிக் கொண்டுவந்தாள். கோல் பாறையைத் தொடவில்லை. நடுவில் ஒரு காகிதம் போகும் இடைவெளி இருந்தது. கப்பல் வந்து நின்ற இடமும் பாறைக்குத் தள்ளித்தான். ஆனால் கப்பலின் தட்டு கோலைவிட அகலம். தூக்கி வைக்காமல் நிஜமாகவே தள்ளிக்கொண்டு வந்திருந்தால் வளைவின் நடுவில் அதன் விளிம்பு பாறையில் உரசியிருக்கும். ஆட்டத்தின் விதிப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்றால், "கப்பல் போகும் வழியில் பாறை இருந்தால் கப்பல் உடையும்." வழி என்பது கோலின் அகலமா, கப்பலின் அகலமா? புத்தகம் சொல்லவில்லை. ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸை இருதயராஜ் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அட்டையின் பின்பக்கத்தைக்கூடப் பார்த்தார். ஞாயிறுதோறும் நாங்கள் ஆட வரும் இந்த ஹாலின் சொந்தக்காரர் அவர். கீழே அவருடைய சைக்கிள் கடை. டயர் வாசனை படியேறி வரும். நாங்கள் விண்வெளியில் இருக்கும்போது யாராவது கீழே காற்றடிப்பார்கள். "புத்தகம் கையை விரிச்சிடுச்சு. மாத்தி வாதாடுங்க" என்றார். அது இந்த ஹாலின் வழக்கம். ஆரம்பக் காலத்தில் இரண்டு பெரியவர்கள் ஒரு விதிக்காகக் கத்தி, அதில் ஒருவர் பிறகு வரவே இல்லையாம். அப்போது அவர் ஏற்படுத்தியது. தனக்காக யாரும் பேசக் கூடாது. எனக்காக எதிராளி பேச வேண்டும், எதிராளிக்காக நான். பிறகு மணல். மணல் தீரும்வரை விட்டுப்போனதைச் சேர்க்கலாம். தீர்ந்ததும் இருவரில் சின்னவர் தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்பு அந்த வருஷத்து ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும், முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்பது போல. உடைந்த கப்பல் சுவரோரம் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். மறுபடி பறக்காது. தட்டாம்பூச்சியை அவள் ஐஸ்கிரீம் குச்சியைச் சீவியும் பேனா மூடியை ஒட்டியும் செய்திருந்தாள். இறக்கையின் நரம்புகளை ஊசி முனையால் வரைந்தாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் பெவிகால் வாசனை. தூங்கும்போது அது அவள் தலைமாட்டில், அலாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அது இப்போது பாறைக்குப் பக்கத்தில் நிற்கிறது. மணல் கால்வாசி இறங்கிவிட்டது, இல்லை, அதற்கும் மேல்.

முதலில் அவள் பேசினாள். எனக்காக. தன் கப்பல் உடைந்துவிட்டது என்று நிரூபிக்க வேண்டிய வேலை அவளுடையது. எந்தக் குழந்தையும் கொஞ்சம் அரைமனதாகச் செய்யும் என்றுதான் நினைத்தேன், நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன், செய்தேனே. அவள் செய்யவில்லை. கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "சைக்கிளை எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல ஏத்துவோம்ல? முன்சக்கரம் ஈசியா உள்ள போயிடும். ஹேண்டில்பார்தான் மாட்டும். அப்ப சைக்கிள் உள்ள போயிடுச்சுன்னு சொல்லுவீங்களா? சக்கரம் போயிடுச்சுன்னுதான் சொல்லுவீங்க. இந்தக் கோல் வெறும் சக்கரத்தோட தடம். போறது முழு சைக்கிள். கேப்டன் பக்கம்தான் நியாயம். என் கப்பல் இடிச்சிருக்கு." இதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் ஹேண்டில்பார் போல விரித்து, இல்லாத லிஃப்ட் கதவில் முட்டிக் காட்டினாள். இருதயராஜ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி, உன் கப்பலுக்கு நீயே கொள்ளி வைக்கிறியே!" "அதுதானே அங்கிள் ரூல்?" என்றாள். பிறகு என் முறை. அவளுக்காக. "வந்து… புத்தகத்தில் கோலை வைக்கணும்னுதான் போட்டிருக்கு. கப்பலைத் தள்ளிட்டுப் போகணும்னு போடலை. அதனால… கோல் தொடலைன்னா தொடலைதானே. அப்புறம் சின்ன இடைவெளி வேற இருக்கு." இருதயராஜ், "என்னய்யா திருமேனி, மேனேஜர்கிட்ட லீவு கேட்கிற மாதிரி இழுக்கிற? அந்தப் பொண்ணு உனக்காக லிஃப்டே கட்டிடுச்சு" என்றார். சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் சிரிக்கும்போது என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ வரப்போகிறது என்பது போல. நான் மணலைப் பார்த்தேன். வர வேண்டியது ஒன்று இருந்தது. போன மாதம். போன மாத ஆட்டத்தில் என் எருமை, இந்த ஹாலிலேயே அகலமான கப்பல், இரண்டு பாறைகளுக்கு நடுவே போனது. கோல் அந்தச் சந்தில் ஊசியில் நூல் போல நுழைந்தது. எருமையின் தட்டு அதில் நுழையவே நுழையாது. நான் இந்தப் பக்கம் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். எதிரில் ஆடிய இருதயராஜ் பஞ்சர் ஒட்டக் கீழே போயிருந்தார். திரும்பி வந்து, எப்போதும் போல மேஜையை ஒரு போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிட்டு அடுத்த நகர்வைச் செய்தார். யாரும் கேட்கவில்லை. நானும் தப்பென்று நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை, கோலின் அகலம்தான் வழி என்று என் கை தானாகவே முடிவு செய்திருந்தது. அன்று அமுதினி வரவில்லை. காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாள். இதைத்தான் நான் சொல்ல வேண்டும். "இதே வருஷம் என் கப்பல் இப்படிப் போச்சு, யாரும் தடுக்கலை, அதனால் இவள் கப்பலும் போகலாம்." இதைவிடப் பலமான வாதம் அவள் பக்கம் கிடையாது. அது என் வாயில் இருந்தது. வாதாடும்போது நாக்கின் நுனிவரை வந்தது, எச்சிலைப் போல விழுங்கிவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்க்கிறேன். மறந்துவிட்டேன். பொருந்தவில்லை. ஃபாக்டரியில் என் வேலை கேஜ் என்கிற அளவுக் கம்பியை வைத்துப் பார்ப்பது. துளை போட்ட உதிரிபாகம் வரும். கேஜின் ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் சிவப்புத் தொட்டி. முக்கால்வாசி போகிறது, எண்ணெய் போட்டால் போகும், நேற்று போனது, இதெல்லாம் அங்கே கிடையாது. புதிதாக வந்த பையன்கள் கேஜை அழுத்தி நுழைப்பார்கள். கையில் தட்டி, "தானா போகணும், நீ தள்ளக் கூடாது" என்பேன். இப்போது நான் "மறந்துவிட்டேன்" என்பதைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், போகவில்லை. சரி, மறக்கவில்லை. பின் ஏன்? ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவா? இந்த வருஷம் தட்டாம்பூச்சி விழுந்தால் கோப்பை எனக்கு. கோப்பை என்றால் எவர்சில்வர் டம்ளருக்கு இருதயராஜ் தங்க நிற ஸ்ப்ரே அடித்தது. வாசலில் வைத்தால் யாரும் எடுத்துப்போக மாட்டார்கள். அதற்காகவா ஒருவன்? ஆமாம், அதற்காகவும்தான். நாற்பத்திரண்டு வயதில் ஒரு டம்ளர் வேண்டியிருக்கிறது. இல்லை, டம்ளர் இல்லை. குழந்தைகள் தோற்கப் பழக வேண்டும், அது அவர்களுக்கு நல்லது, பெரியவர்கள் விட்டுக்கொடுத்தால் அது ஒரு வகையில் அவமதிப்பு. இந்த வாக்கியம் நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது, இவ்வளவு வழவழப்பாக ஒரு வாக்கியம் எனக்கு வந்தால் அதைச் சந்தேகப்பட வேண்டும். யாரும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லையே. அவளுக்காகப் பேசச் சொன்னார்கள். அவள் வழக்கறிஞர் நான்தான், அவளுக்கு இருந்த ஒரே வழக்கறிஞர், அவள் பக்கம் இருந்த ஒரே நல்ல சாட்சியை மறைத்துவிட்டு எதிர்த்தரப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன். எதிர்த்தரப்பும் நான்தான். இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டாம். பார்க்கிறேன். தீர்ப்பு எல்லா ஆட்டத்துக்கும் பொருந்தும். நான் எருமையைப் பற்றிச் சொல்லி, அதற்குப் பிறகும் அவள் கப்பலின் அகலம்தான் வழி என்று சொல்லிவிட்டால்? அப்போது எருமை போன மாதமே உடைந்த கப்பல். மூன்று வாரம் அதற்குக் கொம்பு வளைத்தேன், தகரத்தை மெழுகுவத்தியில் காட்டி. சொன்னால் அவள் தப்பிக்கலாம். அல்லது நானும் சேர்ந்து மாட்டலாம். சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. இதை நான் வாதாடும் முன்பே கணக்குப் போட்டேனா, இப்போதுதான் போடுகிறேனா? எது முதலில் வந்தது, கணக்கா, மௌனமா? அதற்குக் கேஜ் இல்லை. மணல் பாதிக்குக் கீழே போய்விட்டது.

கீழே யாரோ பம்ப் அடிக்கிறார்கள், புஸ், புஸ், நின்றது, புஸ். இப்போதுகூடச் சொல்லலாம். சொன்னால் இருதயராஜ் கேட்பார், "இதை ஏன்யா முதல்ல சொல்லலை?" அவர் கேட்காவிட்டாலும் அவள் கேட்பாள், கேட்காமல் பார்ப்பாள். அது இன்னும் மோசம். சொல்லாமல் இருந்தது ஒரு தப்பு. சொன்னால் அந்தத் தப்பு வெளியே தெரியும். சொல்லாமலே இருந்துவிட்டால் அந்தத் தப்பு நடக்காதது போல. இப்படித்தான் எப்போதும். அமுதினியின் அம்மா செல்வராணியைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த வீட்டுக்குப் போன முதல் நாள் சாயங்காலம் அமுதினி சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள், "உங்களை நான் என்னன்னு கூப்பிடணும்?" அவளுக்கு எட்டு வயது. அவளுடைய அப்பா சென்னையில் இருக்கிறார், பொங்கலுக்குப் போன் செய்வார்; அப்பா என்ற சொல் ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது. அவள் விதியைக் கேட்டாள். நான் என்ன சொன்னேன்? "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிக் கூப்பிடும்மா." எவ்வளவு பெருந்தன்மை என்று அன்றிரவு எனக்கே என்னைப் பிடித்திருந்தது. செல்வராணிதான் பாத்திரத்தை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள், "நீங்க ஏதாவது ஒண்ணு சொல்லியிருக்கலாம். மாமான்னோ, பேர் சொல்லியோ. அவளே தேடணும்னா எங்க போய்த் தேடுவா?" நான் சொன்னேன், அவசரமில்லை, தானாக வரும். தானா போகணும், தள்ளக் கூடாது. இரண்டு வருஷம் ஆயிற்று. வரவில்லை. வீட்டில் என்னோடு பேச வேண்டுமென்றால் நான் திரும்பும்வரை பக்கத்தில் வந்து நிற்பாள். பக்கத்து அறையில் இருந்தால், "அம்மா, காபி ஆறுதுன்னு சொல்லு" என்பாள், எனக்குக் கேட்கும்படி. நான் ஏதாவது ஒன்றைச் சொன்னால் அது அவளுக்குப் பிடிக்காமல் போகலாம் என்று பயம்; சொல்லாமல் விட்டதைச் சுதந்திரம் என்று பெயர் மாற்றி வைத்தேன். புத்தகத்தில் இல்லாததை எட்டு வயதுப் பிள்ளையிடம் தள்ளிவிட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் டயர் மாற்ற வந்தபோது இருதயராஜ் மேலே கூட்டி வந்து, "இங்க எதிர்ல நிக்கிறவங்களைக் கேப்டன்னு கூப்பிடணும்மா" என்றார். அவள் என்னைப் பார்த்து, "கேப்டன்" என்றாள். ஒரே தடவையில். பாரம் இறக்கிய மாதிரி. உடனே இன்னொரு தடவை, சும்மாவே, "கேப்டன்" என்றாள். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் விட்டதில்லை, காய்ச்சல் வந்த அந்த ஒரு ஞாயிறு தவிர. அவளுக்குக் கப்பல் பிடிக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பிடிக்கிறதுதான். ஆனால் தட்டாம்பூச்சி பெட்டிக்குள் போனால் அடுத்த ஞாயிறு அவள் வருவாளா? வேறு கப்பல் செய்யலாம். செய்வாளா? செய்தாலும், எதிரில் நிற்பவன் தனக்காகப் பேசமாட்டான் என்று தெரிந்த பிறகு? தெரியாதே அவளுக்கு. தெரியாது. எனக்குத் தெரியும், அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அவள் கேப்டன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குத் தெரியும்.

மணல் நின்றுவிட்டது. தீரவில்லை, நின்றுவிட்டது. ஓசூர் குளிருக்கு ஈரம் ஏறி அடிக்கடி இப்படி ஆகும். கடிகாரத்தின் இடுப்பில் ஒரு மணல் பருக்கை சிக்கி, மேலே கொஞ்சம் மணல் அப்படியே தங்கும். இருதயராஜ் கவனிக்கவில்லை, ஜன்னல் வழியே கீழே யாருக்கோ சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இது நின்றிருக்கும்வரை எதுவும் முடிவாகாது. தட்டாம்பூச்சி உடையவில்லை, எருமை உடையவில்லை, நான் சொல்லாமல் விட்டவனும் இல்லை, இன்னும் சொல்லாதவன், அவ்வளவுதான். இப்படியே இருந்துவிட்டால் என்ன. மேலே இருக்கும் அந்தப் பச்சைத் துளியைப் பார்த்தபடியே நிற்கிறேன், ஒரு கோழையின் வேண்டுதல் போல. அப்போது ஒரு விரல் வருகிறது. நகத்தில் இன்னும் வெள்ளிப் பெயின்ட் ஒட்டியிருக்கும் விரல். அமுதினி கண்ணாடியை மெல்ல ஒரு தட்டுத் தட்டுகிறாள். மணல் விழத் தொடங்குகிறது. அவள் தட்டாமல் இருந்திருந்தால் அவள் கப்பலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கும். ஆனால் மணல் ஓட வேண்டும் என்பது விதி, அதனால் தட்டினாள். தட்டிவிட்டு மறுபடி என் வாயைப் பார்க்கிறாள். நான் வாயைத் திறந்துவிட்டேன். முடிவு செய்து திறக்கவில்லை. அந்த விரலைப் பார்த்துத் திறந்துவிட்டேன். "ஒண்ணு சேர்க்கணும்." மேஜையில் நிற்கும் என் எருமையைக் காட்டுகிறேன். "போன மாசம் என் எருமை ரெண்டு பாறைக்கு நடுவுல போச்சு. கோல்தான் நுழைஞ்சது. கப்பல் நுழைஞ்சிருக்காது. யாரும் கேட்கலை, நானும் சொல்லலை. அது சரின்னா தட்டாம்பூச்சி வந்ததும் சரி. இதை முதல்லயே சொல்லியிருக்கணும். ஞாபகம் இருந்தது. சொல்லலை." இருதயராஜ் ஜன்னலிலிருந்து திரும்புகிறார். "அட, நான் பஞ்சர் ஒட்டப் போனப்பவா?" என்கிறார். அமுதினி தலையை மட்டும் ஆட்டுகிறாள். "தெரியும் கேப்டன். அங்கிள் போட்டோ போட்டிருந்தாங்க. காய்ச்சல்ல அம்மா போன்ல பார்த்தேன். ரெண்டு பாறைக்கு நடுவுல கோல் அப்படியே கிடந்துச்சு." தெரியும். லிஃப்ட் கதவில் ஹேண்டில்பாரை முட்டிக் காட்டியபோதும் தெரியும். நான் லீவு கேட்பவன் போல் இழுத்தபோதும் தெரியும். தனக்காகப் பேசக் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டு, நான் பேசுவதற்காக நின்றிருக்கிறாள். "ஏம்மா, நான் சொல்லாமலே விட்டிருந்தா?" என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. கேட்கவில்லை, மணல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது அவளுடைய நேரம். அவள் குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்து, கோலுக்கும் பாறைக்கும் இடையே இருக்கும் அந்தக் காகித இடைவெளியை ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறாள். பிறகு தட்டாம்பூச்சியின் இறக்கையைப் பார்க்கிறாள். பிறகு என் எருமையை. கடைசிப் பருக்கை விழுகிறது. "ம், சொல்லுங்க சின்னவங்க" என்கிறார் இருதயராஜ்.

கப்பலின் அகலம்தான் வழி என்று அமுதினி சொன்னாள். தட்டாம்பூச்சியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாள். திரும்பி வந்து எருமையை எடுத்துப்போய் அதன் பக்கத்தில் வைத்தாள்.